மூன்று அடுப்புக்கு ஒரு பைப்பு

எங்கள் வீட்டு மூன்றாங்கட்டுச் சுவரில் ஓர் இரும்புப் பைப்பு இருக்கிறது. மேலேயிருந்து நேராக இறங்கினால் இரண்டு முழத்தில் குழாய்க்கு வந்துவிடலாம். அது அப்படி இறங்காது. பாதியில் இடப்பக்கம் திரும்பிச் சன்னலைத் தாண்டிப் போகும். அங்கே ஒரு வளைவு எடுத்து, போன வழியே கீழ்வரிசையில் திரும்பி வந்து, அதற்குப் பிறகுதான் குழாயில் முடியும். புதிதாக வரும் சம்பந்தி வீட்டார், "இது ஏன் இப்படி ஊரைச் சுத்திக்கிட்டு வருது?" என்று கேட்பதுண்டு. "போட்டவரு பினாங்குக்காரரு, அப்படித்தான் போடுவாரு" என்று என் ஆத்தா சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

போட்டவர் பெயர் ரெங்கராஜ். ஆலங்குடிக்குப் பக்கத்தில் கடலையும் தென்னையும் வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. நாற்பத்தெட்டில் பினாங்குக்குக் கப்பல் ஏறி, அங்கே நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் பைப்பு மாட்டும் வேலையில் சேர்ந்தார். ஏழு வருஷம் கழித்து விடுமுறையில் ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகும் நாளைத் தள்ளிக்கொண்டே வந்து, புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு கடையின் பாதியை வாடகைக்கு எடுத்துப் போர்டு மாட்டினார். 'ரெங்கராஜ் அன் கோ. பைப்பு, பம்பு, சகல வீட்டு ரிப்பேர்களும்.' அந்த 'கோ' என்பது கொத்தனார் கண்ணுசாமி. இருவரும் ஒரே வயது, ஒரே ஊர். கண்ணுசாமி கரண்டியைக் கையில் எடுத்தாலும் கீழே வைத்தாலும் பேசிக்கொண்டிருப்பார்.

ஐம்பத்தாறாம் வருஷக் கோடையில் நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். எனக்கும் பினாங்கில்தான் உத்தியோகம், ஒரு பேங்கில். திருமயத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். வந்து இறங்கிய அன்றே ஆத்தாவின் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். வீங்கியிருந்தது. கேட்டால், "கெணத்துக் கவுறு இழுக்கிற கை, அப்படித்தான் இருக்கும்" என்றார். அதோடு என் நிம்மதி போயிற்று. கடலுக்கு அப்பால் இருக்கும்போது எனக்கு எப்போதும் இரண்டு யோசனைகள்தாம். மழை பெய்தால் கூரை ஒழுகுமா, பெய்யாவிட்டால் கிணறு வற்றுமா. இப்போது மணிக்கட்டும் சேர்ந்துகொண்டது. ஊருக்கு அப்போதுதான் மின்சாரம் வந்திருந்தது. கிணற்றுக்கு மோட்டார் வைத்து, மேலே ஒரு தொட்டி ஏற்றி, அடுப்படிக்குக் குழாய் கொண்டுவந்துவிட்டால் நிம்மதியாகக் கப்பல் ஏறலாம் என்று தோன்றியது.

விசாரித்தபோது எல்லோரும் கீழராஜ வீதியைக் காட்டினார்கள். போனேன்.

ரெங்கராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய குழாய்க்குப் புது வாஷர் வெட்டிக்கொண்டிருந்தார். பினாங்கு என்று நான் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"பினாங்கா? எந்தப் பக்கம் தம்பி? வெல்டு கீ தொறமொகமா? உக்காருங்க, உக்காருங்க. ஏய் கண்ணுசாமி, டீ சொல்லுப்பா. அங்கிட்டு மலை மேல தொரை பங்களாவுக்கெல்லாம் நாந்தான் பைப்பு. வெந்நி ஒரு பைப்பு, பச்சத்தண்ணி ஒரு பைப்பு."

"இவரு மாட்டின பைப்புல குளிச்சுத்தான் தொரைமாரு எல்லாம் சீமைக்கே திரும்பிப் போயிட்டாக" என்றார் கண்ணுசாமி, டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டே.

வேலையைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, நான் எந்தக் கப்பலில் திரும்புகிறேன் என்று கேட்டார். ஆவணியில், நாகப்பட்டினத்திலிருந்து என்றேன்.

"அதே கப்பலுக்குத்தான் எனக்கும் கெடு" என்றார்.

அவருடைய பர்மிட் ஆவணியோடு முடிகிறது. அதற்குள் போய் இறங்காவிட்டால் மலாயாவில் மறுபடி நுழைய விடமாட்டார்கள். இங்கே கடை ஓடினால் இருப்பது, ஓடாவிட்டால் போவது என்று வைத்திருந்தார். கடை இதுவரை வாஷரிலும் ஒழுகும் ஓட்டிலும்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல சாமான்கள், அதாவது மரை வெட்டும் டை செட்டு, பெரிய பைப்பு ரெஞ்சு, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பினாங்கில் அழகுமலை என்ற கூட்டாளியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். எப்படியும் திரும்பத்தானே போகிறோம் என்று. இங்கே லாரிப் பட்டறையில் இரவல் வாங்கித்தான் மரை வெட்டினார்.

"ஒங்க பக்கத்துச் செட்டியாரு வீடு ஒண்ணு சரியா அமைஞ்சிருச்சுன்னா போதும் தம்பி. ஒரு கல்யாணத்துல நாலு ஆச்சிமாரு பேசிக்கிட்டா நாப்பது ஊருக்குப் போயிரும். போர்டே வேணாம்" என்றார். வாஷர் வெட்டிய துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டார்.

அந்தச் சரியாக அமைய வேண்டிய வீடு எங்கள் வீடாகிப் போனது.

எங்கள் வீட்டில் கூட்டாக இருப்பவை சுவர், கூரை, கிணறு, சாமி. மற்றதெல்லாம் பங்குதான். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனி அடுப்பு. மூன்றாங்கட்டில் வரிசையாக மூன்று அடுப்படிகள். முதலாவது வயிரவன் பெரியப்பச்சியுடையது. அப்பச்சியின், அதாவது என் தகப்பனாரின், அண்ணன்; வீட்டில் மூத்தவர். அங்கே சமைப்பது தெய்வானைப் பெரியாத்தா. நடுவிலுள்ளது என் ஆத்தாவுடையது. கடைசி, பர்மாவிலிருந்து திரும்பாமலே போய்விட்ட சின்னப்பச்சியின் பங்கு. அதில் முத்தாள் சின்னாத்தா. தோட்டத்தில் ஒரு பலாப்பழம் அறுத்தால்கூட மூன்று கூறாக வைப்பார்கள். வைத்தவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். இதில் சண்டை கிடையாது. சண்டை வராமலிருக்கத்தான் அந்த ஏற்பாடே.

ரெங்கராஜும் கண்ணுசாமியும் வந்து தங்கி வேலை பார்த்தார்கள். இரும்புத் தொட்டி பெரியப்பச்சி அடுப்படிக்கு மேலே உள்ள தளத்தில் ஏறியது. அங்கிருந்து ஒரே பைப்பு இறங்கி, சுவரோடு சுவராக மூன்று அடுப்படிக்கும் போனது. ஒவ்வோர் அடுப்படியிலும் ஒரு பித்தளைக் குழாய். கண்ணுசாமி சுவரை உடைத்த இடத்தைப் பூசி, பழைய சுண்ணாம்புப் பூச்சோடு வித்தியாசம் தெரியாமல் வழவழப்பாக்கினார். ஊர்ப் பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தன.

நல்ல நாள் பார்த்து மோட்டாரைப் போட்டார்கள். தொட்டி நிறைந்து வழிந்தது. பெரியப்பச்சி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "ம், தொறங்க" என்றார்.

தெய்வானைப் பெரியாத்தா திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து குடத்தில் மோதிச் சேலையையும் நனைத்தது. எல்லோரும் சிரித்தோம். ஆத்தா திறந்தார். வந்தது, ஆனால் சீறவில்லை. முத்தாள் சின்னாத்தா திறந்தார். நூல் போல இறங்கியது.

"ஏப்பா ரெங்கராஜு, இது என்னப்பா?"

"தண்ணி ஆச்சி."

"அது தெரியுது. பச்சப்புள்ள ஒண்ணுக்குப் போற மாதிரியில்ல வருது?"

கண்ணுசாமி சிரித்துவிட்டு, யாரும் சிரிக்காததைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அங்கிட்டுப் பெரியாச்சி கொழாய மூடினா இங்கிட்டு நல்லா வரும் ஆச்சி" என்றார் ரெங்கராஜ். அத்தோடு விட்டிருக்கலாம். பெருமையோடு இன்னும் ஒரு படி போனார். "எங்க ஊருக் கம்மாயில மேமடை வயலு நெறஞ்சாத்தான் கீழ உள்ள வயலுக்குத் தண்ணி விடுவாக. மூத்தவுகளுக்கு மொதல்ல. அந்த மொறை பாத்துத்தான் பைப்பு போட்டிருக்கேன்."

"ஓகோ, மொறையா?" என்றார் சின்னாத்தா. "அந்த மொறையச் சொல்லிக் குடுத்தது யாரு?"

கேட்கும்போது அவர் தெய்வானைப் பெரியாத்தாவின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்ததே போதுமானதாக இருந்தது.

பெரியாத்தா தன் குழாயை மூடினார். அடுப்படிக்குள் போய்க் கரித்துணி ஒன்றை எடுத்துவந்து குழாயின் வாயில் சுற்றி முடிச்சுப் போட்டார். "எனக்கு வேணாம்ப்பா. கெணறு எங்கயும் ஓடிப் போயிரலை" என்று சொல்லிவிட்டு, தாம்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

பெரியாத்தா திறக்காத குழாயைச் சின்னாத்தா எப்படித் திறப்பார்? திறந்தால், அதற்காகத்தான் பேசினாள் என்று ஆகிவிடும். இருவரும் திறக்காதபோது என் ஆத்தா திறக்க முடியுமா? "மூணு பேரும் தொறந்தா நானும் தொறக்குறேன். எனக்கென்ன அவசரம்" என்று வீங்கிய கையால் கயிற்றைப் பிடித்தார். ஆக, குழாய் வந்த பிறகும் எங்கள் வீட்டுக் கிணற்றில் மூன்று வாளிகள் இறங்கி ஏறின. முன்னைவிட மரியாதையாக. "நீங்க இறைச்சுக்குங்க அக்கா." "இல்ல, நீ மொதல்ல இறைச்சுக்க." பித்தளைக் குழாய்களின் மேல் பல்லி உட்கார்ந்திருந்தது.

செய்தி எங்களுக்கு முன்னால் வெளியே போய்விட்டது. பக்கத்து ஊரில் ஒரு வீட்டார், எங்கள் வேலை முடிந்ததும் தங்களுக்கும் செய்ய வேண்டும் என்று ரெங்கராஜிடம் சொல்லிவைத்திருந்தார்கள். இப்போது, பிறகு பார்க்கலாம் என்று ஆள் விட்டார்கள். ரெங்கராஜ் பைப்பு போட்ட வீட்டில் வாளியில் இறைக்கிறார்கள் என்று சந்தையில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி.

ஆடி முடிந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன்.

கடையில் ரெங்கராஜ் முகம் கொடுக்கவில்லை. "பைப்பு சரியாத்தான் இருக்கு தம்பி. ஒழுகுதா? இல்ல. மரை விட்டிருக்கா? இல்ல. ஒங்க வீட்டு ஆச்சிமாருதான் கோணலு. அதுக்கு எங்கிட்ட ரெஞ்சு இல்ல."

"நல்ல ரெஞ்செல்லாம் பினாங்குல கெடக்கு" என்றார் கண்ணுசாமி.

"நீ சும்மா இருப்பா."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? கம்பெனியில பாதி நானு."

சாப்பாட்டு நேரமாகியிருந்ததால் ரெங்கராஜ் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். கடைக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் ஓட்டு வீடு. வாசலில் கட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்த சிறுமி எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். "ஆத்தா, பினாங்குக்காரரு சாப்பிட வந்துட்டாரு. கூட ஒரு ஆளு."

ரெங்கராஜின் மகள், சின்னப்பிள்ளை என்று பெயர். அவர் கப்பல் ஏறியபோது தாயின் வயிற்றில் இருந்தவள். அவர் திரும்பி வந்து வருஷம் ஒன்று ஆகியும் அவளுக்கு அவர் பினாங்குக்காரர்தான். ரெங்கராஜ் அதைக் கேட்காதவர் போலக் கைகால் கழுவினார்.

அவர் மனைவி அமராவதி இலையைப் போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினார். ரெங்கராஜ் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக் கதையை அவரிடம் சொன்னார். தன் பக்கத்து நியாயத்தை இன்னொரு தடவை கேட்டுக்கொள்வதற்காகச் சொன்னது போலிருந்தது. மேல்வயல், கீழ்வயல், மூத்தவர் முறை எல்லாம் வந்தது.

அமராவதி அகப்பையைச் சட்டியில் வைத்தார். "அவுக என்ன மேவயலு கீவயலா? பங்காளிக. எங்க அப்பன் வீட்டுல மூணு பங்காளிக்கும் ஒரே வாய்க்காதான். வயலுக்கு வயலு தொறந்து விட்டா வெட்டுக்குத்துதான். வாய்க்கா மொகத்துலயே ஒரு பள்ளம் தோண்டித் தேக்கி, ஒரே மட்டத்துல மூணு வாய் வெட்டி விட்டிருவாக. அவனவன் தண்ணி அவனவன் வாய்க்காலோட போயிரும். யாரும் யாரு வயலையும் தாண்டிக்கிட்டுப் போறதில்ல."

ரெங்கராஜின் கை இலையிலேயே நின்றது. குழம்பில் விரலால் மூன்று கோடு இழுத்தார்.

"அதுக்குத் தனித்தனியா மூணு பைப்பு வேணும்" என்றார்.

"வேணும்னா போடுங்க."

"போட்டாலும் அவுக தொறக்கணுமே."

"தொறக்காட்டிப் போங்க கப்பலுக்கு" என்றார் அமராவதி. குரல் உயரவில்லை. எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார். "போறதுன்னா போங்க. நான் தடுக்கலை. போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லாதீங்க. போன தடவை சொன்னதுக்கே ஏழு வருசம் ஆச்சு."

ரெங்கராஜ் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில், யாரும் கூப்பிடாமலே, ஒரு மாட்டு வண்டியில் பைப்புகளோடு ரெங்கராஜும் கண்ணுசாமியும் வந்து இறங்கினார்கள். பெரியப்பச்சி முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது? போட்டதே போதும். இன்னொரு தரம் சொவத்தை ஒடைக்க நான் விட மாட்டேன்."

"ஒடைக்க மாட்டேன் செட்டியாரே. சொவத்துக்கு மேலயே போடுறேன். எனக்கு ஒண்ணும் வேணாம். இங்க இருந்து போறதா இருந்தாலும், தப்பாப் போட்ட பைப்ப விட்டுட்டுப் போனா கப்பல்ல எனக்குச் சோறு எறங்காது."

பெரியப்பச்சி கண்ணாடியைக் கழற்றினார். "தப்புங்கிறயா? அன்னிக்கு மொறைன்னு சொன்ன?"

"எங்க ஊரு மொறை இங்க ஒத்து வரலை."

"அது சரி" என்றார் பெரியப்பச்சி. அவருக்கும் வீட்டுக்குள் இருந்த அமைதி பொறுக்கவில்லை போலும். தன் அடுப்படிச் சோறுகூட அந்த நாட்களில் அவருக்குப் பேச்சில்லாமல்தான் பரிமாறப்பட்டது. "ஆனா அவளுகள்ட்ட நான் எதும் சொல்ல மாட்டேன். அது ஒன் பாடு."

நடு அடுப்படிக்கு மேலே, சுவரில் ஒரு சின்னச் சிமென்ட்டுத் தொட்டி கட்டினார்கள். பெரிய தொட்டியின் தண்ணீர் முதலில் அதில் வந்து விழும். அதன் அடியில் ஒரே மட்டத்தில் மூன்று பைப்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வால்வு, ஒவ்வோர் அடுப்படிக்கும் ஒன்று. ஒருவர் திறப்பதால் இன்னொருவருக்குக் குறைய வழியில்லை. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஆத்தாவின் அடுப்படி நேர் கீழே இருந்ததால் அவருடைய பைப்பு குட்டை. மற்ற இரண்டும் நீளம். குட்டைப் பைப்பில் தண்ணீர் வேகமாக வரும்.

"வந்தா வரட்டுமே" என்றேன்.

"ஒங்க ஆத்தா கொழாயிலயும் துணி கட்டணுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, ரெங்கராஜ் அந்தப் பைப்பைச் சன்னலைத் தாண்டிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றும் ஒரே நீளம். கண்ணுசாமி தள்ளி நின்று பார்த்து, "பைப்பு டவுனுக்குப் போயிட்டு வருது" என்றார்.

சோதனை பார்ப்பதற்கு முந்தின மாலை, ஏணியில் நின்றுகொண்டு ரெங்கராஜ் ரெஞ்சை வைத்து ஒரு வால்வைக் கொஞ்சம் திருகியதை நான் பார்த்தேன். இறுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாமான் அறையிலிருந்து மூன்று தவலைகளை எடுத்துத் தரச் சொன்னார். ஒரே பாத்திரக் கடையில் ஒரே அச்சில் வாங்கியவை, மூன்று மருமகள்களுக்கும் ஒன்றுபோல வந்தவை. ஒவ்வொன்றையும் அவரவர் குழாயின் கீழ் வைத்தார். பெரியாத்தாவின் குழாயில் இருந்த கரித்துணியின் முன்னால் போய் நின்றார். அதை அவர் அவிழ்க்கவில்லை.

"ஆச்சி. நீங்க கட்டினது. நீங்கதான் அவுக்கணும்."

பெரியாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவுத்தா மறுபடி பேச்சு வருமா?"

"வந்தா நானே கட்டி விட்டுட்டுப் போறேன். அதுக்கப்புறம் எனக்கும் இங்க வேலையில்ல. கப்பல்தான்."

அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. ரெங்கராஜ் வெளியே முற்றத்தில் வந்து நின்று, கையைத் தூக்கி, "தொறங்க ஆச்சி!" என்றார். மூன்று அடுப்படிகளிலிருந்தும் ஒரே சத்தம், தவலையின் அடியில் தண்ணீர் விழும் சத்தம். அது மெல்ல மெல்லக் கனத்தது. ரெங்கராஜ் கையைக் கீழே இறக்கவே இல்லை. நெற்றியில் வேர்த்திருந்தது.

"நெறஞ்சிருச்சு!" என்றார் முத்தாள் சின்னாத்தா.

"எனக்கும்" என்றார் ஆத்தா.

முதல் அடுப்படியிலிருந்து குரல் வரவில்லை. எல்லோரும் அங்கே போய் எட்டிப் பார்த்தோம். பெரியாத்தாவின் தவலையில் கழுத்துக்குக் கீழே இன்னும் இடம் இருந்தது. தண்ணீர் அவசரமில்லாமல் ஏறி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பைத் தொட்டது.

"அடடா" என்றார் ரெங்கராஜ். "ரெஞ்ச எடுப்பா கண்ணுசாமி. கொஞ்சம் திருகினா சரியாயிரும்."

"வேணாம்" என்றார் பெரியாத்தா.

"ஒரு நிமிச வேலை ஆச்சி."

"வேணாம்னா வேணாம். அப்படியே இருக்கட்டும். கையை வைக்காதே." அவர் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது.

முத்தாள் சின்னாத்தா வாசற்படியில் நின்று தவலையையே பார்த்தார். "அக்கா, ஒங்களுக்கில்ல கொறையுது?"

"கொறைஞ்சா என்ன? மூத்தவ செத்த நேரம் பொறுக்க மாட்டாளா?"

சின்னாத்தா குனிந்து பெரியாத்தாவின் தவலையின் ஒரு பக்கக் காதைப் பிடித்தார். பெரியாத்தா மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கி அடுப்பு மேடையில் வைத்தார்கள். ஆத்தா என்னைப் பார்த்து, நீ ஏன் இங்கே நிற்கிறாய், போ என்பது போலக் கையை ஆட்டினார். வீங்கிய கை.

சாப்பாட்டுக்குப் பிறகு சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சின்னாத்தா முற்றத்துக்கு வந்தார். "ஏப்பா ரெங்கராஜு. எம் பொறந்த வீட்டுலயும் ஒரு கெணறு இருக்கு. அண்ணன்மாருகிட்ட சொல்லியனுப்புறேன். அங்க அஞ்சு அடுப்பு."

"அஞ்சா?" என்றார் கண்ணுசாமி. "ஏப்பா, பேசாமக் கப்பலுக்கே போயிருவோம்."

ரெங்கராஜ் வாய்விட்டுச் சிரித்தார். வேலை ஆரம்பித்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வண்டிவரை உடன் போனேன். "பெரியாத்தாவோட வால்வை முந்தாநேத்து சாயந்தரம் திருகினீங்களே" என்று வேண்டுமென்றே ஒரு நாள் தள்ளிச் சொன்னேன்.

"முந்தாநேத்து இல்ல தம்பி, நேத்து" என்று திருத்தினார். பிறகு மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டார். அங்கிருந்தே, "பைப்புன்னா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்" என்றார். கண்ணுசாமிக்கு மறுபடியும் இருமல் வந்தது.

ஆவணியில் நான் புறப்பட்டேன். ஆத்தா மணிக்கட்டில் தைலம் தடவிக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு என்றார். புதுக்கோட்டை ஸ்டேஷனில் ரெங்கராஜ் நின்றுகொண்டிருந்தார். வெறுங்கையோடு, வேலைக்குப் போகும் அதே காக்கிச் சட்டையில். சின்னப்பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ரயிலின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு உபகாரம் தம்பி" என்றார். "அழகுமலைகிட்ட என் பெட்டி இருக்கில்ல? பச்சைப் பெயின்ட் அடிச்ச தகரப் பெட்டி. அதை அடுத்த கப்பல்ல யாராச்சும் நம்ம ஊரு ஆளு வந்தா குடுத்தனுப்பிருங்க. அஞ்சு அடுப்புக்கு இரவல் டை செட்டு தாங்காது."

"கட்டாயம் அனுப்புறேன். பூட்டுச் சாவி?"

"சாவி எங்கிட்டதான் இருக்கு." இடுப்புக் கயிற்றைத் தொட்டுக் காட்டினார். வருஷக்கணக்காக அங்கேயே கிடந்த சாவியாக இருக்க வேண்டும். கயிறு பட்ட இடம் கறுத்திருந்தது.

வண்டி நகர்ந்தது. அவர் கூடவே நாலடி நடந்தார். "இவ இன்னும் என்னைப் பினாங்குக்காரருன்னுதான் கூப்புடுறா" என்றார் சின்னப்பிள்ளையைக் காட்டி. "பெட்டி வந்து எறங்கட்டும். அப்ப என்ன சொல்லுறான்னு பாப்போம்."

பினாங்கில் இறங்கிய மறுநாளே பேங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அழகுமலையைத் தேடிப் போனேன். பெட்டி கனமாக இருந்தது. இரண்டு பேர் பிடித்துத்தான் ரிக்ஷாவில் ஏற்ற வேண்டியிருந்தது.